கோயில் வாசலில் ஒரு ஜோடி செருப்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன். பயர் ஆபீசில் காகிதக் குழாய் சுருட்டினேன். போர்மேன் ஆனேன். கடைசியில் வெம்பக்கோட்டை ரோட்டில் கரிசல் காடு வாங்கி எனக்கென்று ஒரு பயர் ஆபீஸ் கட்டினேன். பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். படித்த மாப்பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்தத் தொழிலுக்கு வந்து கையைச் சுட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் நின்றேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

கோயிலிலும் அப்படித்தான். எங்கள் ஊர் கிறிஸ்தவர்கள் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில் என்றுதான் சொல்வோம். அதில் முதல் பெஞ்சு என் பெஞ்சு. தரைக்கு டைல்ஸ் போட்டது நான். ஈஸ்டர் விடியலில் ஆராதனை முடிந்ததும் வாசலில் வெடிக்கிற சரம் என் ஆபீஸ் சரம். அது வெடித்தால் பக்கத்து ஊர்க்காரன் எழுந்து உட்காருவான். விசுவாசம் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு வருடத்துக்குப் பக்கமாகக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் கிடந்த செருப்புகள் என்னை விடவில்லை.

பயர் ஆபீஸ் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உள்ளே யாரும் செருப்போடு போகக் கூடாது. அடியில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும், ஓர் ஆணி துருத்தியிருந்தாலும் உரசினால் தீப்பொறி. அதனால் எல்லாரும் கேட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, வெறுங்காலோடு நாள் முழுக்க வேலை பார்ப்பார்கள். எங்கேயாவது வெடி விபத்து என்றால் ஓடி வருகிற சொந்தக்காரர்கள் முதலில் புகையைப் பார்க்க மாட்டார்கள். கேட்டில் கிடக்கும் செருப்பைத்தான் பார்ப்பார்கள். தன் வீட்டுச் செருப்பு அங்கே கிடந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சித்திரை வெயிலில் திடீரென்று மேகம் கூடிய ஒரு மத்தியானம். நான் லோடு விஷயமாக விருதுநகர் போயிருந்தேன். ஆபீசை என் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா இல்லாத வீட்டில் நான் தூக்கி வளர்த்த தம்பி. வானம் கறுத்ததும் அவன் எல்லாரையும் வெளியே அனுப்பியிருக்கிறான். வெளியே வந்தவன், மேடையில் காய்ந்துகொண்டிருந்த சரக்கு நனைந்துவிடுமே என்று தார்ப்பாய் எடுத்துக்கொண்டு திரும்பப் போயிருக்கிறான். இடி நேராக அந்த மேடையில் இறங்கியது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது என்று அதிகாரிகள் எழுதினார்கள். குற்றம் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. வேலைக்காரர்கள் காட்டுப் பக்கம் வெறுங்காலோடு ஓடியிருந்தார்கள். அவர்கள் அழுதுகொண்டே ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, என் முன்னால் குனிந்து, தங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். நான் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குவியல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு ஜோடி மட்டும் நனைந்து கிடந்தது. கறுப்பு ரப்பர் செருப்பு. வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. உள்ளே ஓடிப் பார்த்தேன். மேடை இருந்த இடத்தில் மேடையும் இல்லை, ஆளும் இல்லை. அடக்கம் செய்வதற்கு எங்களுக்கு ஒரு சின்னப் பெட்டியே போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்கே செருப்பைப் பார்த்தாலும் என் கண் அதிலேயே நின்றுவிடும். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வாசல், எங்கும். உள்ளே போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்களா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மழை நேரத்தில் ரப்பர் கருகின வாடை வரும். வீட்டுக்காரியிடம் கேட்டால் ஒரு வாடையும் இல்லை என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன். ஆனால் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுவிடுவேன். ஊரே உள்ளே உட்கார்ந்து பாடும். வெளியே அத்தனை பேர் செருப்பும் வரிசையாகக் கிடக்கும். அதைத் தாண்டிப் போக எனக்குக் கால் வராது. ஆராதனை முடிந்து கடைசி ஆள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற வரை அங்கேயே நிற்பேன். அதற்கு முன்னால் வீட்டுக்குப் போகவும் முடியாது.

மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்கு வாய் நீளம்.

"என்ன அண்ணாச்சி, முத பெஞ்ச வித்துட்டு செருப்புக் கடைய எடுத்துட்டீகளா? டோக்கன் போட்டுக் குடுங்க, நமக்கும் ஒரு பங்கு வரட்டும்."

"ஏலே, டைல்ஸக் கூட்டுற வேலையப் பாரு. நான் போட்ட டைல்ஸு" என்பேன். அந்த நிலைமையிலும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

தம்பி சாகும்போது அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். மழைக்காலத்தில் ஆண் பிள்ளை பிறந்தது. பிறந்ததிலிருந்து சளி, மூச்சிரைப்பு. சிவகாசிக்கும் மதுரைக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தோம். பிள்ளைக்குச் சீக்கிரம் ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள் என்று அவளுடைய அம்மா அழுதாள். பிள்ளை தங்காது என்று அவள் பயந்தாள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. எங்கள் குடும்பத்தில் பிள்ளையைத் தகப்பன்தான் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு போய்க் குருவானவர் கையில் கொடுக்க வேண்டும். தகப்பன் இல்லையென்றால் பெரியப்பன்.

"அத்தான், நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்றாள் தம்பி மனைவி.

"ஒந் தம்பியத் தூக்கச் சொல்லேன் தாயி. எனக்குக் கால் வர மாட்டேங்குது."

"எந் தம்பி இவனுக்கு மாமன். பெரியப்பன் உயிரோட இருக்கையில மாமன் எதுக்குத் தூக்கணும்? நீங்க உள்ள வாங்க. வராட்டி இவனுக்கு ஞானஸ்நானம் கெடையாது."

"பிள்ளைக்கு எதுவும் ஆயிருச்சுன்னா?"

"அப்ப நீங்க அங்கனயே மரத்தடியில நில்லுங்க அத்தான். நாங்க ரெண்டு பேரும் ஒங்களப் பாத்துக்கிட்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போறோம்."

அழாமல் சொன்னாள். என் வாழ்க்கையில் எத்தனையோ ஆபீசரிடம் வாதாடி ஜெயித்தவன் நான். அவளிடம் என் வாதம் செல்லவில்லை. தம்பி பெயரைத்தானே வைக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றாள். "செத்தவர ஏன் தெனமும் கூப்புட்டு எழுப்பணும்? இவன் இவனா இருக்கட்டும்." எனக்கு அது கோபமாக இருந்தது.

ஈஸ்டர் வந்தது. அந்த வருடம் சரம் வேண்டாம் என்று கோயிலில் முடிவு செய்திருந்தார்கள். எனக்காகத்தான் என்று தெரியும், யாரும் சொல்லவில்லை. விடியுமுன்னே ஆராதனை. நான் மரத்தடியில் நின்றேன். பெண்கள் இயேசுவின் கல்லறைக்குப் போனார்கள், உள்ளே பார்த்தார்கள், ஆள் இல்லை என்று குருவானவர் பிரசங்கம் செய்தது குழாய் ரேடியோ வழியாக வெளியே கேட்டது. ஆள் இல்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? பெட்டி எவ்வளவு லேசாக இருந்தது என்று தூக்கின தோளுக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்தது. எல்லாரும் கை கொடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். வெளிச்சம் வந்துவிட்டது. அப்போது பக்கத்து ஊர்க் கோயிலில் சரம் வெடித்தார்கள். எனக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. திரும்பி வாசலைப் பார்த்தேன். ஒரு ஜோடி கிடந்தது. பச்சை வார் போட்ட பெண்கள் செருப்பு. தம்பி மனைவியின் செருப்பு. நானே முந்தின மாதம் வாங்கிக் கொடுத்தது.

நான் யோசிக்கவில்லை. ஓடினேன். என் செருப்பைக்கூடக் கழற்றாமல் படி ஏறி உள்ளே ஓடினேன். பெஞ்சுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஆர்மோனியத்துக்குப் பின்னால் பார்த்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பீடத்துக்குப் பக்கத்து அறையில் குருவானவர் வெள்ளை அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எந் தம்பி பொஞ்சாதி எங்க? பிள்ளை எங்க?"

"உள்ள யாரும் இல்லையே அண்ணாச்சி. பிள்ளை அழுதுச்சுன்னு அப்பவே இந்தப் பக்கத்து வாசல் வழியாப் போயிட்டாங்க. வீட்டுல இருப்பாங்க."

நான் அப்படியே நின்றேன். சுவர் சுவராக இருந்தது. கூரை கூரையாக இருந்தது. பெஞ்சுகள் கலையாமல் இருந்தன. சம்பங்கி வாசனை மட்டும் அடித்தது, வேறு வாடை இல்லை. உள்ளே ஆள் இல்லை, ஏனென்றால் ஆள் உயிரோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். இப்படியும் ஓர் இடம் காலியாக இருக்க முடியும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லாமல் இருந்தது. கல்லறையில் ஆள் இல்லை, உயிரோடு எழுந்துவிட்டார் என்று எத்தனையோ வருடம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஈஸ்டர் பிரசங்கம் கேட்டவன் நான். அன்றைக்குத்தான் அது எனக்குக் கேட்டது. முதல் பெஞ்சில் இல்லை, கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்தேன். தம்பியை நினைத்து அழுதேன். அவனும் எங்கேயோ எழுந்து போயிருக்கிறான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அழுது முடித்துக் கீழே பார்த்தால், நான் போட்ட டைல்ஸில் என் செருப்புத் தடம்.

பிறகு அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். வீட்டுக்குப் பெரியவன் தம்பி மனைவியின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். டீக்கடையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருவன் கேட்டேவிட்டான்.

"என்ன மொதலாளி, கையில செருப்பு? யாரையும் அடிக்கப் போறீகளா?"

"ஒன்னத்தான்லே, இரு திரும்பி வாரேன்" என்றேன்.

அவள் வாசற்படியில் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"ஐயையோ அத்தான், இதப் போயி நீங்க தொடலாமா?"

"செருப்பு இல்லாம எப்படி வந்த?"

"எம்புட்டு நாளு பயர் ஆபீசுல வெறுங்கால்ல கெடந்த காலு இது. செருப்பு இல்லாதது வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுச்சு. ஏன் இப்படி வேர்த்திருக்கு ஒங்களுக்கு?" என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கோயிலுக்குள்ள போனீகளா?"

"போனேன். நீ உள்ள இல்ல."

அவள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வாசலில் கிடந்த அத்தனை செருப்பையும் பார்த்துக்கொண்டுதான் தாண்டினேன். பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் கர்கர்ரென்று இழுத்தது. அந்த இழுப்பைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

பிள்ளைக்கு என்ன பெயர் என்று குருவானவர் கேட்டார். தம்பி பெயர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, அவள் சொன்ன பெயரைச் சொன்னேன். என் குரல் கடைசிப் பெஞ்சு வரை கேட்டது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். தலையில் தண்ணீர் பட்டதும் அவன் வீறிட்டான். அவ்வளவு சின்ன நெஞ்சுக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. நான் பயந்து, குருவானவர் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுத் தட்டினேன்.

"அழட்டும் அத்தான்" என்றாள் பக்கத்தில் நின்றவள். "நல்லாச் சத்தமா அழட்டும்."