சுகந்திக்குப் போட்ட பொன்னாடை

என் அண்ணன் மகள் சுகந்தியிடம் ஊரில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "டாக்டருக்கா படிச்ச?" இல்லை என்பாள். "அப்ப நர்ஸா?" அதுவும் இல்லை. "பெறகு மெட்ராசுல ரெண்டு வருசமா என்னத்தத்தான் படிச்ச?" பொது சுகாதாரம் என்று சொன்னால், குப்பை அள்ளுகிற வேலையா என்று முகத்துக்கு நேரே கேட்ட புண்ணியவான்களும் உண்டு. அவள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வேலை பெண்களோடு. ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, பரளச்சி, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களுக்குப் பஸ்ஸில் போய்வருவாள். கர்ப்பப்பை, மாதவிலக்கு, பிரசவம், கருத்தடை என்று நாங்கள் புருஷனிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவாள். வெள்ளைப்படுதலை உடம்புச்சூடு என்று சொல்லி மோர் குடித்தே காலத்தை ஓட்டியவர்களைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். கல்யாணமாகாத பெண் பேசுகிற பேச்சா இது என்று முகம் சுளித்தவர்களே, பிறகு அவள் வருகிற பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள்.

சொந்த ஊரில்தான் ஒரு விஷயத்தில் அவள் பேச்சு எடுபடவில்லை. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்தால் எங்கள் பெண்கள் மாத்திரை போடுவார்கள். தீட்டு வந்துவிட்டால் முளைப்பாரி எடுக்க முடியாது, கோயில் பக்கமே போக முடியாது. அதனால் மருந்துக் கடையில் 'தள்ளிப் போடுற மாத்திரை' என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கடைக்காரரும் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்பதில்லை, மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுப்பார்.

"யாருமே போடக்கூடாதுன்னு நான் சொல்லல. டாக்டரக் கேக்காமப் போடாதீகன்னுதான் சொல்றேன். சில உடம்புக்கு உள்ள ரத்தம் கட்டிப் போயிரும்" என்று வீடு வீடாகச் சொன்னாள்.

அவள் முக்கியமாகப் பயந்தது ஒச்சம்மாளை நினைத்துத்தான். ஒச்சம்மாள் எங்கள் தெருக்காரி, அருப்புக்கோட்டைக்கு மில் வேலைக்குப் போகிறவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டி, மதுரையில் கிடந்து பிழைத்து வந்தாள். இந்த மாதிரி மாத்திரை அவள் வாயில் படவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிழைத்ததற்கு அவள் அம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பொங்கலன்று பார்த்து அவளுக்கு நாள் வந்து இடித்தது. சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா எங்கயும் போயிரமாட்டாக்கா. அடுத்த வருசம் எடுப்போம்" என்றாள். ஒச்சம்மாள் அழுதுகொண்டே வீட்டில் இருந்துவிட்டாள். "படிச்ச பிள்ள சொல்லுது, கேக்காம இருக்க முடியுமா?" என்று என்னிடம் சொன்னாள்.

போன வருஷம் சுகந்தியின் வேலைக்கு விருது கிடைத்து, பேப்பரில் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பொங்கல் கமிட்டித் தலைவர் சுந்தரபாண்டி, என் அண்ணன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். எங்கள் அப்பா அவர் குடும்பத்துக் காட்டில் கூலிவேலை பார்த்தவர். அண்ணன் பால்பாண்டி இப்போது லோடு ஆட்டோ ஓட்டினாலும், அவர்கள் வாயில் அவன் 'ஏலே'தான். அன்றைக்கு அவர் அப்படிக் கூப்பிடவில்லை.

"பால்பாண்டி, பொங்கலன்னிக்கி அம்மன் சந்நிதியில உங்க மகளுக்குப் பரிவட்டம் கட்டி, பொன்னாட போடுறோம். குடும்பத்தோட வந்துருங்க."

எங்கள் தெரு ஆளுக்கு அந்தச் சந்நிதியில் யாரும் மரியாதை செய்ததில்லை. அவர் போன பிறகு அண்ணன் ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்து அழுதான்.

சுகந்தி நாளைக் கணக்குப் பார்த்தாள். பொங்கலும் அவள் நாளும் ஒன்றாக வந்தன. "சந்நிதிக்கு வெளிய வச்சுத் தரச் சொல்லுங்கப்பா, வாங்கிக்கிறேன்" என்றாள். காரணத்தை அண்ணன் எந்த வாயால் போய் அவரிடம் சொல்வான்? மறுபடி பழைய 'ஏலே'க்குத்தான் போக வேண்டும். அவள் அம்மா பிச்சையம்மாள்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவத்தான தாயி. ஒனக்கென்ன நோயா நொடியா? அப்பா மொகத்தப் பாரு."

இரண்டு நாள் சண்டை போட்டாள். கொடியில் அண்ணனின் புதுவேட்டி, பொங்கலுக்காக நனைத்துக் காயப்போட்டது, ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தெரிந்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். உன் உடம்புக்குப் பாதகமில்லை, போட்டுக்கொள் என்று அவர் சொன்னார். ஆகவே ஊருக்குச் சொன்னதை அவள் மீறவில்லை. டாக்டரைக் கேட்டுத்தான் போட்டாள். ஆனால் அந்தப் போன் பேச்சு எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டவில்லை. மாத்திரை தாண்டிவிட்டது.

பக்கத்துக் கடையில் வாங்கினால் பெயர் கெடும் என்று, மகளிடம்கூடச் சொல்லாமல், பிச்சையம்மாள் அதை டவுனுக்கு வேலைக்குப் போகும் ஒச்சம்மாளிடம் வாங்கிவரச் சொன்னாள். "எனக்குத்தான்" என்றும் சொல்லிவைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துப் பல வருஷமான மனுஷி! அந்த ஆபரேஷனுக்குத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. யாருக்கு என்று ஒச்சம்மாளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு அட்டை வாங்கினாள்.

பொங்கலன்று சுகந்திக்குப் பரிவட்டம் கட்டினார்கள். மஞ்சள் பொன்னாடை போட்டார்கள். அண்ணன் பக்கத்தில் நின்று கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன். முளைப்பாரி வரிசையில் முன்னால் வந்த ஒச்சம்மாளைப் பார்த்ததும், முந்தின வருஷம் நாள் இடித்தது ஞாபகம் வந்து சுகந்தியின் முகம் மாறியது. இறங்கிப் போய், "அக்கா, மாத்திர எதுவும் போட்டீகளா?" என்று கேட்டாள்.

"ஒனக்குப் பாத்துக்கிட்ட ஆத்தா எனக்குப் பாக்க மாட்டாளா?" என்று ஒச்சம்மாள் சிரித்தாள்.

அந்த இடத்திலேயே சுகந்தி ஒச்சம்மாளின் புருஷன் முத்துராஜைத் தேடிப் பிடித்து, உடனே மதுரைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். "கரைச்சுட்டு வந்து போறோம்மா" என்றான் அவன். மறுநாள் முளைப்பாரி கரைத்தார்கள். அன்றைக்கும் சுகந்தி போய் நின்றாள். "கால்ல வீக்கங்கூட இல்ல, பாரு" என்று ஒச்சம்மாள் சேலையைத் தூக்கிக் காட்டினாள். அதற்கடுத்த நாள் விடியலில் மூச்சு வாங்கியது. அண்ணன் ஆட்டோவில்தான் ஏற்றினோம். மதுரை போய்ச் சேரவில்லை. காரியாபட்டி வருவதற்குள் சுகந்தி மடியிலேயே ஒச்சம்மாள் அடங்கிவிட்டாள்.

மாத்திரையால்தான் என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அது சுகந்திக்கு ஆறுதலாகவும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு தெருப் பெண்களைக் கூட்டினாள். முத்துராஜும் ஓரமாக நின்றான். "நானும் மாத்திர போட்டுத்தான் சந்நிதியில நின்னேன். டாக்டரக் கேட்டுப் போட்டேன். ஆனா உங்ககிட்டச் சொல்லாம மறைச்சேன். அதப் பாத்துத்தான் ஒச்சம்மாக்கா போட்டாக" என்றாள். சொல்லும்போதே அழுதாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். இனி யாரும் மாத்திரைப் பக்கமே போகமாட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

கூட்டத்தில் தங்கச்செல்வி சுகந்தியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மிகப் பிரியமாகத்தான் கேட்டாள்.

"அழாத தாயி. ஒனக்கு ஒண்ணும் ஆகலையில்ல? பெறகென்ன. அவ விதி அம்புட்டுத்தான்."

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். படித்தவளே போட்டிருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் அழுது சொன்னதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இந்தப் பங்குனியிலும் கடையில் மாத்திரை விற்றது. சுகந்திக்கு இந்த முறை நாள் இடிக்கவில்லை. ஆனாலும் கோயிலுக்குப் போகவில்லை. எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, முளைப்பாரி போகும் பாதையில், ஒச்சம்மாள் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பொங்கலன்று வீட்டில் இருப்பது ஒன்றும் கேவலமில்லை என்று காட்டத்தான். வரிசை அவளைத் தாண்டிப் போனது. பக்கத்தில் வந்து உட்கார ஒருத்தியும் இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எனக்குத் தீட்டு நின்று பத்து வருஷமாகிறது. நான் உட்கார்ந்ததை யாரும் ஒரு கணக்கில் வைக்கவில்லை.