அப்பாவுக்கு ஏற்ற படம்

எங்கள் மலையூரில் சிக்னல் நிற்காது. ஒடுகத்தூர் செல்போன் கடைக்காரரிடம்தான் எல்லோரும் பென்டிரைவில் படம் வாடகைக்கு எடுப்போம். காதில் பேனா செருகிய ஒல்லி மனிதர். வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் தரமாட்டார்.

அன்று என்னிடமும் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. "எங்கப்பாதான். ஹார்ட் ஆபரேஷன் ஆயி வந்துகிறாரு," என்றேன்.

நான் எடுத்த படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இதுல கடைசில அப்பா செத்துடுவாருங்க. இப்போ வேணாம்," என்று ஒரு சிரிப்புப் படத்தைத் தந்தார்.

மூன்று மாதம் கழித்துப் போனேன்.

"அப்பா இன்னா பண்றாருங்க?"

"சொன்னா கேக்காம சாமை அறுக்கப் போய்ட்டாரு."

டிராயரில் துழாவி, அன்று வாங்கிவைத்த அதே படத்தை நீட்டினார். "அப்போ இத எட்த்துனு போங்க. இனிமே தாங்குவாரு."

டாக்டர் 'பயமில்லை' என்றபோதுகூட வராத நிம்மதி அப்போதுதான் எனக்கு வந்தது.