இருநூற்றுப் பதினோராவது சேவ்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் வலது மேல் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீல டேப் ஒட்டியிருக்கும். செய்தி பார்க்கும்போது அந்த மூலையில் என்ன வந்தாலும் எங்களுக்குத் தெரியாது. ஒட்டியவர் என் கணவர் யதீசன். அவர் விளையாடும் கேமில் எத்தனை சதவீதம் முடித்திருக்கிறார் என்பதை அங்கேதான் காட்டும். அது அவருக்குப் பிடிக்காது.

"நான் எவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு இந்த மெஷினா எனக்குச் சொல்லணும்?" என்பார்.

கேமை வாங்கிக் கொடுத்தது எங்கள் மகள் சுபாங்கி, அவருடைய நாற்பத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு. சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை. ஒரு சரக்குக் கப்பலை ஓட்டிக்கொண்டு தீவு தீவாகப் போக வேண்டும். ஒவ்வொரு தீவிலும் ஒரு கலங்கரை விளக்கம் அணைந்து கிடக்கும். ஏறிப்போய் அதை ஏற்ற வேண்டும். மொத்தம் தொண்ணூறு விளக்குகள். சுபாங்கியின் நண்பர்கள் எல்லாம் பத்து நாளில் முடித்துவிட்டார்களாம். இவர் இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

காரணம், அவருடைய சட்டதிட்டங்கள். கேமைச் சேவ் செய்யும்போது பழைய சேவ் மேல் எழுத மாட்டார். ஒவ்வொரு தடவையும் புது இடத்தில், புதுப் பெயரில்தான். ஷிப்பிங் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கப்பல் பத்திரங்களைப் பார்த்தவர், பழைய பேப்பரை அழிக்க மனசு வராது என்று நான் நினைத்துக்கொள்வேன். வைக்கிற பெயரும் கேமைப் பற்றியது இல்லை. அன்றைக்கு அவருக்கு என்ன நடந்ததோ அது. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். 'மழை' என்று இருக்கும். 'லிஃப்ட் ரிப்பேர்' என்று இருக்கும். 'சுபா பாஸ்', 'வடை ஊசிப்போச்சு', 'புதுக் கண்ணாடி'. எழுபத்தேழாவது இடத்தில் 'சண்டை' என்று ஒன்று உண்டு. அது என்னோடு போட்ட சண்டை. எதற்கென்று எனக்கு ஞாபகமில்லை, அவருக்கும் இல்லை, ஆனால் தேதியோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது சட்டம்தான் சுபாங்கியைப் பைத்தியமாக்கும். அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றால் சேவ் கிடையாது. இரண்டு மணி நேரம் உயிரைக் கொடுத்து விளையாடியிருப்பார், விளக்கை ஏற்றியிருப்பார், அப்படியே சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து போவார். மறுநாள் அந்த விளக்கு மறுபடி அணைந்து கிடக்கும்.

"அப்பா, டூ அவர்ஸ் வேஸ்ட் லா! சும்மா ஏதாவது பேர் போட்டு சேவ் பண்ணுங்க. இது கேம், டைரி இல்ல."

"ஒண்ணும் நடக்காத நாள்ல கப்பல் மட்டும் எப்படிம்மா முன்னாடி போகும்?"

யாராவது "எத்தனை பெர்சன்ட் முடிச்சீங்க?" என்று கேட்டால், "நான் நூற்றி எண்பதுல இருக்கேன்" என்பார். நூற்றி எண்பது சேவ் என்று அர்த்தம். கேட்டவர் முழிப்பார். நான் உள்ளே போய்விடுவேன்.

காலையில் நாங்கள் இருவரும் பொங்கோலில் ஒரே ரயிலில் ஏறுவோம். முதல் ஸ்டேஷன் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். நான் ஃபேரர் பார்க்கில் இறங்கிவிடுவேன். அங்கே ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் வேலை. அவர் ஊட்ரம் பார்க் போய், வேறு ரயில் மாறி, தஞ்சோங் பகார் போவார். இருவருக்கும் நான்தான் சாப்பாடு கட்டுவேன். அவருடைய டப்பா பச்சை மூடி, என்னுடையது வெள்ளை.

ஜூன் மாதம் நாலாம் தேதி எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் இரண்டு நாள் எம்.சி. விடுப்பு கொடுத்தார். யதீசன் வழக்கம்போல் பச்சை டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சுபாங்கி பாலிடெக்னிக் போய்விட்டாள். நான் சோபாவில் சாய்ந்துகொண்டு ஏதாவது படம் பார்க்கலாம் என்று, படமும் ஓடுகிற அந்தக் கேம் மெஷினைப் போட்டேன். எதையோ தப்பாக அழுத்தியிருக்கிறேன். அவருடைய சேவ் பட்டியல் வந்து நின்றது.

மேலே கடைசி சேவ். இருநூற்றுப் பதினொன்று. பெயர், 'பெட்டி'. தேதி, மார்ச் பதினான்கு.

முதலில் தேதி தப்பு என்று நினைத்தேன். தினமும் சாயங்காலம் விளையாடுகிற மனிதர். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்ச நாளாக ஒரே தீவு, கறுப்புப் பாறை, சிவப்புக் கதவு. கஷ்டமான தீவு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது புரிந்தது. மார்ச் பதினான்கிலிருந்து அந்த ஒரே விளக்கைத் தினமும் ஏற்றி, தினமும் அணைத்திருக்கிறார். பன்னிரண்டு வாரமாக அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

பிறகுதான் பெட்டி ஞாபகம் வந்தது. மார்ச்சில் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தார். என்ன என்று கேட்டேன். "பழைய பேப்பர்" என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலி போட்டு ஏறி இறக்கினேன். உள்ளே அவருடைய காபிக் குவளை, ஆபீஸ் குளிருக்குப் போடுகிற சாம்பல் நிற ஸ்வெட்டர், இருபது வருடச் சேவைக்குக் கொடுத்த கண்ணாடிப் பலகை. அடியில் ஒரு கடிதம். பத்திர வேலையை எல்லாம் வேறு நாட்டுக்கு மாற்றுகிறார்களாம். கடைசி வேலைநாள் மார்ச் பதினான்கு. நன்றி.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று சற்று நேரம் நின்றேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. பெட்டியைத் திரும்ப மேலே வைத்தேன். மெஷினை அணைத்தேன். மதியம் சோறு சாப்பிட்டேன், மோர் கொஞ்சம் புளித்திருந்தது. வீட்டுச் செலவுக்கு அவர் போடுகிற பங்கு, சேமிப்பிலிருந்தோ என்னவோ, மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்ததால் எனக்குச் சந்தேகமே வராமல் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தார்.

"வேலை எப்படி?"

"அதே."

தினமும் நான் கேட்பேன், தினமும் அவர் இதைத்தான் சொல்வார். வேலை இருந்த காலத்திலும் இதைத்தான் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதருக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு வசதியாகப் போய்விட்டது என்று பார்த்தேன்.

அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இதில் என் வீம்பும் உண்டு, மறைக்கவில்லை. கல்யாணமாகி இருபத்து நாலு வருடம். லிஃப்ட் ரிப்பேரானதை மெஷினிடம் சொல்லத் தெரிகிறது, வேலை போனதை என்னிடம் சொல்லத் தெரியவில்லையா? மறுவாரம் மறுபடி ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். செங்காங், ஹவ்காங், சிராங்கூன். அவர் முழங்கால் மேல் பச்சை டப்பா இருந்த பை. ஃபேரர் பார்க்கில் நான் எழுந்து, "வர்றேன்" என்றேன். "சரி" என்றார். கதவு மூடியது. ரயில் அவரை எங்கே கொண்டுபோகிறது என்று எனக்குத் தெரியாது. படியேறிப் போய் கிளினிக்கைத் திறந்தேன். வந்தவர்களிடம் பல் கூசுகிறதா, வலிக்கிறதா என்று கேட்டேன்.

இப்படியே ஜூன் போனது, ஜூலை போனது. நான் சாப்பாடு கட்டினேன், அவர் காலி டப்பாவைக் கொண்டுவந்தார். அவர் தூங்கப் போன பிறகு பட்டியலைப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இருநூற்றுப் பதினொன்று. பெட்டி. ஜூலையில் சுபாங்கிக்கு ஒரு நல்ல இடத்தில் பயிற்சி வேலை கிடைத்தது. வீட்டில் கேக் வெட்டினோம். அன்றாவது ஒரு சேவ் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது அன்றுதான். வேலை போனதற்கு நான் பயப்படவில்லை. மகள் சிரித்துக்கொண்டு கேக் ஊட்டியதுகூட இந்த மனிதருக்கு நடக்கவில்லையே என்று பயந்தேன். இனி எதுவுமே நடக்காமல் போய்விட்டால்?

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழரை இருக்கும். சுபாங்கி இன்னும் வரவில்லை. அவர் விளையாடிக்கொண்டிருந்தார். சிவப்புக் கதவு, படிக்கட்டு, விளக்கு. ஏற்றி முடித்தார். அப்போது மழை சோவென்று பிடித்தது. "துணி, துணி!" என்று கத்தினேன். கேமை அப்படியே நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே துணியோடு நீட்டியிருந்த மூங்கில் கழிகளை உள்ளே இழுக்க ஓடினார்.

கன்ட்ரோலர் சோபாவில் கிடந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதை எடுத்தேன். இரண்டு மாதமாகப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து அதை எங்கே திறப்பது என்று தெரியும். சேவ் என்று இருந்ததை அழுத்தினேன். பெயர் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'தெரியும்' என்று அடித்தேன். சரியா என்று ஏதோ கேட்டது. படிக்காமல் சரி என்றேன்.

கழிகளைச் சமையலறையில் மாட்டிவிட்டு, நனைந்த சட்டையோடு வந்து நின்றார். திரையைப் பார்த்தார். கன்ட்ரோலரை வாங்கிப் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினார். இருநூற்றுப் பத்து இருந்தது. இருநூற்றுப் பதினொன்றில் 'தெரியும்' என்று இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இல்லை.

"பெட்டியக் காணோம்" என்றார்.

என் பக்கம் திரும்பினார்.

"நீயா? அது மேலயா எழுதின? தாரணி, அது மேலயா எழுதின?"

"புதுசா எப்படிப் போடறதுன்னு தெரியல."

"இவ்வளவு நாளா நான் ஒண்ணு மேல ஒண்ணு எழுதினதே இல்ல." அவருடைய குரல் ஏறியது. ஐந்து மாதத்தில் அந்தக் குரல் ஏறி நான் கேட்கவில்லை. "அது என்னன்னு தெரியுமா உனக்கு? அதப் போய் அழிச்சிட்டியே! அதுதான் என்னை வேலைய விட்டு நிறுத்தின நாள்!"

சொல்லிவிட்டு அவரே நின்றுபோனார். நான் திரையைக் காட்டினேன். பெட்டி இருந்த இடத்தில் என் பதில் ஏற்கெனவே இருந்தது.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து?"

"ஜூன் நாலு."

"ரெண்டு மாசமா சாப்பாடு கட்டிக் குடுத்தியே."

"நீங்களும் வாங்கிட்டுத்தானே போனீங்க."

துண்டை எடுத்து நீட்டினேன். தலையைத் துவட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார். எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று கேட்டேன். கடைசி ஸ்டேஷன் வரைக்கும், ஹார்பர்ஃப்ரன்ட், என்றார். தண்ணீரைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்சு இருக்கிறதாம். மழை வந்தால் கடைகளுக்குள் நடப்பாராம். மதியம் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவாராம்.

"கப்பல் வரும், போகும். இருபத்திரண்டு வருஷம் கப்பல் பேப்பர்தான் பார்த்தேன். ஒரு கப்பலையும் உட்கார்ந்து பார்த்ததில்ல. ஒரு நாள் ஒரு பெரிய வெள்ளைக் கப்பல். மேல இருந்து ஒரு பிள்ளை எனக்குக் கை காட்டிச்சு."

"நீங்க?"

"நானும் காட்டினேன்."

"அது ஒண்ணும் நடக்காத நாளா?" என்றேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக வராத கோபம் மொத்தமாக வந்தது. "சுபா கேக் ஊட்டினாளே, அது? அதுவும் ஒண்ணும் நடக்காத நாளா? என்ன மனுஷன் நீங்க!"

அவர் கன்ட்ரோலரை எடுத்து, புது இடம் எப்படி எடுப்பது என்று எனக்குக் காட்டினார். முக்கோணப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமாம். இருநூற்றுப் பன்னிரண்டு திறந்தது. பெயர் கேட்டுக் கோடு துடித்துக்கொண்டிருந்தது.

"என்ன போட?"

"உங்க நாள். நீங்களே போடுங்க."

ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். 'சொல்லிட்டேன்'.

சரியா என்று கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சேவ் ஆனது. கறுப்புப் பாறையில் விளக்கு எரிந்தபடியே இருக்க, அடுத்த தீவுக்குக் கப்பலைத் திருப்பினார். நான் பச்சை டப்பாவை எடுத்துக் கழுவப் போட்டேன்.