வெள்ளிக்கிழமை மருந்து

அந்த வருஷம் மழைக்காலம் முழுவதும் என் மகளை என்னையும் அவள் அப்பாவையும் தவிர யாரும் தூக்கவில்லை. எழுதிவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது. யாராவது ஒரு தடவை தூக்கியிருக்கலாம். எனக்கு நினைவில்லை. இடுப்பு வலித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ராயபுரத்தில் நாங்கள் இருந்தது பல குடித்தனங்கள் சேர்ந்த வீடு. நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய். என் கணவர் தன் பெரியப்பா மகனின் மொத்த மளிகைக் கடையில் வேலை பார்த்தார். துறைமுகத்துச் சங்கு ஊதுவதற்கு முன் கிளம்பினால் பிள்ளை தூங்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள். முற்றத்துப் பெண்கள் பேசும் பேச்சு முதலில் பாதிதான் விளங்கியது. விளங்கிய பிறகும் அதில் கலந்துகொள்ளத் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தால் “புஸ்தகம் படிக்குது பாரு” என்று சிரிப்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

பேசாத என்னை அந்த வீட்டில் சேர்த்து வைத்திருந்தவள் என் மகள்தான். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. எதிர்க் குடித்தனத்து அக்கா கூடையில் மீன் சுமந்து விற்பவள். மதியம் திரும்பியதும் கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டு, “குடு தங்கச்சி” என்பாள். விளக்கேற்றும்வரை பிள்ளை அவள் வீட்டில்தான். அந்த நேரத்தில்தான் நான் துவைப்பேன், சமைப்பேன், அவளிடம் இரண்டு வார்த்தை பேசுவேன்.

முதலில் பிள்ளையின் விரலிடுக்கில் சின்னச் சின்னப் பொரி. வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் அரைத்துப் பூசினேன். பிறகு மணிக்கட்டு, வயிறு, தொடையிடுக்கு. குழாயடியில் ஒருத்தி அம்மை என்றாள், இன்னொருத்தி சூடு என்றாள். குப்பைமேனி இலையை மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துத் தடவினேன். பிள்ளை சொறிந்து சொறிந்து புண்ணாகி, புண்ணில் சீழ் பிடித்தது. தூங்கும்போதுதான் அரிப்பு அதிகம். சொறியாமல் இருக்க அவள் கைகளில் துணி சுற்றி வைப்பேன். துணியைப் பல்லால் இழுத்துவிடுவாள்.

ஒரு மதியம் எதிர் வீட்டு அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தவள், பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“எங்க வூட்ல சின்னப் பசங்க கீதுங்க தங்கச்சி. தப்பா நென்ச்சுக்காத” என்றாள்.

நான் தப்பாக நினைக்கவில்லை. அவள் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிள்ளைக்குத்தான் விளங்கவில்லை. தினமும் அந்த நேரத்துக்கு வாசற்படிக்குத் தத்தி நடந்து போய், எதிர் வீட்டைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் தூக்கினால் திமிறுவாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் அம்மாக்கள் பெயர் சொல்லி உள்ளே அழைத்துக்கொள்வார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்துக்குச் சீசா நாம்தான் கொண்டுபோக வேண்டும். லேடி டாக்டர் பிள்ளையின் விரலிடுக்கைப் பார்த்ததுமே சொறிசிரங்கு என்றார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்கு உள்ளே வளை தோண்டி முட்டை வைக்கிறது என்றார். எனக்கு உடம்பு கூசியது. சீழை அப்படியே விட்டால் முகம் வீங்கி நீர் பிரியாமல் போகும், அப்படி வந்த பிள்ளைகள் வார்டில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். பால் போல வெள்ளையாக ஒரு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் எல்லாரும் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, கழுத்துக்குக் கீழே ஓரிடம் விடாமல் பூச வேண்டும். மறுநாள் கழுவ வேண்டும். உடுத்தியது, விரித்தது, போர்த்தியது எல்லாவற்றையும் கொதிக்க வைக்க வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு தடவை.

சொன்னதை அப்படியே செய்பவள் என்றுதான் என்னைப் பற்றி நான் நினைத்திருந்தேன். நன்றாகத் தேய்த்துக் குளிக்கும் நாள் எங்களுக்கு வெள்ளிக்கிழமை. பிறந்தது முதல் அப்படித்தான். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும். ஆகவே வெள்ளிக்கிழமை பிள்ளைக்கும் எனக்கும் எண்ணெய்க் குளியல், பிறகு மருந்து. பிள்ளை புண் எரிந்து கத்திய கத்தலில் முற்றத்துக் கதவுகள் திறந்தன, பிறகு மூடின. மறுநாள் அவருக்குச் சனிக்குளியல். இரவு கடையிலிருந்து வந்ததும் அவர் முதுகில் நானே பூசிவிட்டேன். அவருக்கும் விரலிடுக்கில் பொரி இருந்தது. மூட்டை தூக்குவதால் வரும் சாக்கு அரிப்பு என்று அவர் சொல்லியிருந்தார், நானும் நம்பியிருந்தேன்.

துணிகளைக் கொதிக்க வைத்தேன். அடுத்த வாரமும் அதே மாதிரி. ஒரு வாரம் பிள்ளை நன்றாகத் தூங்கினாள். பிறகு மறுபடியும் விரலிடுக்கில் வந்துவிட்டது.

என் கை சுத்தமில்லையோ, விறகை மிச்சம் பிடித்துத் துணியைச் சரியாகக் கொதிக்க விடவில்லையோ, பிள்ளை கத்துகிறாள் என்று புண்ணுக்கு மேல் பூசாமல் விட்டேனோ என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். கேட்டுப் பார்க்க யாரும் இல்லை. குழாயில் என் முறை வந்தால் மற்றவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். நான் பிடித்துவிட்டுப் போன பிறகு குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் தங்கள் குடத்தை வைப்பார்கள்.

மறுபடியும் சீசாவோடு போனபோது நர்சம்மா எப்படிப் பூசினேன் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை எனக்கும் பிள்ளைக்கும், சனிக்கிழமை அவருக்கு என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“வெள்ளிக்கிழமை ராத்திரி புள்ள எங்க படுத்துச்சு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை தினமும் அப்பாவின் மார்பின் மேல்தான் தூங்குவாள். அவருக்குப் பிள்ளையோடு கிடைத்த நேரமே அதுதான். கொதிக்க வைத்துக் காயப்போட்ட விரிப்பில், மருந்து பூசாத உடம்பின் மேல் அவளைப் படுக்க வைத்திருக்கிறேன். எல்லாரும் ஒரே நாளில் பூசாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டேதான் இருக்கும் என்றார் நர்சம்மா. அதைச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்களாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணவரிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். உங்களால்தான் பிள்ளைக்கு வந்தது என்பது போல ஆகிவிடக் கூடாது. அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, இந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து பூசிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

“ஏ பிள்ள, வெள்ளிக்கிழமை ஆம்பள தேய்ச்சுக் குளிப்பானா? ஊருல தெரிஞ்சா சிரிப்பாவ.”

“தலைக்கு வேண்டாம். கழுத்துக்குக் கீழதான்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எண்ணெயும் வேண்டாம், சோப்புப் போதும்.”

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு, தலை நனையாவிட்டால் அது குளியல் கணக்கில் வராது என்று அவரே தீர்ப்புச் சொன்னார். அவர் கடையில் அரைநாள் கேட்டு வாங்கியது அந்த ஒரு தடவைதான். மூன்று பேரும் மருந்து பூசி, கை கால்களை அகட்டிக்கொண்டு, காய்வதற்காக அறையின் மூன்று மூலைகளில் நின்றோம். பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

மழை விடுவதற்குள் புண் ஆறியது. விரலிடுக்கு வழவழப்பானது. தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வாரங்கள் போயும் எதிர் வீட்டு அக்கா வரவில்லை. பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று குழாயடியில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் அவள் சட்டையைக் கழற்றி, எல்லாரும் பார்க்கட்டும் என்று முற்றத்து வெயிலில் உட்கார வைத்தேன்.

அடுத்த நாள் மதியம் அக்கா வந்தாள். கையைக் கழுவி, முகர்ந்து பார்த்து, “இன்னாடி, மாமியார மறந்துட்டியா?” என்று பிள்ளையிடம் கேட்டபடி இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை என் இடுப்பிலிருந்து அவள் பக்கம் சாய்ந்தது. நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதே பொரி.

எத்தனை நாள் காத்திருந்த கைகள். நான் பிள்ளையை இழுத்துக்கொண்டேன்.

“அக்கா, உங்க கையில...” என்று ஆரம்பித்து, மருந்து இருக்கிறது, ஒரே நாளில் பூச வேண்டும் என்று என்னென்னவோ உளறினேன்.

“அப்ப உனுக்கு வந்தா சிரங்கு, எனுக்கு வந்தா கலீஜா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை அழுதது. அவளிடமிருந்து எங்களுக்கு வந்ததா, எங்களிடமிருந்து அவளுக்குப் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து என் வாசலில் ஒரு காலிச் சீசா இருந்தது. நன்றாகக் கழுவி, தக்கையில் துணி சுற்றி மூடியிருந்தது. எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லி மருந்து வாங்கிவந்து, அவள் கதவுக்கு வெளியே நின்று நீட்டினேன். எல்லாரும் ஒரே நாளில் பூசினால்தான் போகும் என்று மறுபடியும் சொன்னேன்.

“எல்லாரும் ஒரே நாள்ல வூட்ல குந்திகினு இருந்து நீ எப்பனா பாத்துகீறியா?” என்று கேட்டாள்.

பார்த்ததில்லைதான். அவள் வீட்டுக்காரர் இருட்டோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். பெரியவன் துறைமுகத்தில் கப்பல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற வேலையில் இருந்தான். அவள் விடிவதற்கு முன் கூடையோடு கிளம்புவாள். எங்களைத் தடுத்தது கிழமை. அவர்களைத் தடுத்தது பிழைப்பு. அவளே யோசித்துவிட்டு, “நாயித்துக்கெழம கடலுக்குப் போவ மாட்டாங்க. மாதா கோயில்ல பூச முடிஞ்சி வந்து பாக்குறேன்” என்று சொல்லிச் சீசாவை வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு நான் வாசல் பக்கமே இருந்தேன். அரிசி களைவது போல, களைந்ததையே மறுபடி களைந்துகொண்டு. எதிர் வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. சின்னவன் எரிகிறது என்று கத்தினான். பிறகு அந்த மருந்து வாடை, இனிப்பாகவும் காரமாகவும், முற்றத்தைத் தாண்டி வந்தது. முற்றத்துக் கொடி முழுக்க அவர்கள் வீட்டுத் துணி. அடுத்த ஞாயிறும் அதே வாடை வந்தது.

அதற்கப்புறம் சில நாளில் அக்கா வந்து, இரண்டு கைகளையும் விரல்களை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். சுத்தமாக இருந்தன. பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளிடம் தாவியது.

அன்று துவைக்க ஒன்றும் இல்லை. சமைத்தாகிவிட்டது. வாசற்படியில், பிள்ளை உட்கார்ந்து கை நீட்டும் இடத்தில் உட்கார்ந்தேன். எதிர் வீட்டில் பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னையும் கூப்பிடுவார்களோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு வெளிச்சம் போவதற்குள் என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.