கொழுப்பைச் சீவாமல்

இருபது வருடங்களாக, நாங்கள் குடியிருக்கும் வானவடியில், கறிக்கடைக்காரரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆட்டு இதயம், கொழுப்பைச் சீவாமல். பள்ளியில் உயிரியல் ஆசிரியை நான். பிள்ளைகளுக்கு உள்ளறைகளைவிட வெளிப்புறத்தைத்தான் அதிக நேரம் காட்டுவேன். எந்நேரமும் உள்ளே ரத்தம் நிறைந்திருந்தாலும், இதயம் தன் தசைக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனி கிளம்பும் இடத்திலேயே இரண்டு சிறு குழாய்கள் பிரிந்து, மேல்புறக் கொழுப்புக்குள் படர்ந்து, கிளைவிட்டுத் தசைக்குள் இறங்குகின்றன. கொழுப்பைச் சீவினால் அவையும் போய்விடும்.

என் கணவர் சுத்த சைவம். அந்தக் கறிப்பை எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. கடையிலிருந்து நேரே பள்ளிக்குத்தான்.

போன மே மாதம் அவருக்கு இதயத்தின் அதே குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு என்று தெரிந்தது. பைபாஸ் செய்யச் சொன்னார்கள். மருத்துவமனையில் எல்லாவற்றுக்கும் இந்தியில் "ஹாங் ஜி" என்று தலையாட்டிய மனுஷன், வீட்டுக்கு வந்ததும் ஒற்றைக் காலில் நின்றார்.

"நல்லாத்தானே துடிக்குது? அத எதுக்குப் பொளக்கணும்? நான் வரமாட்டேன், போ."

ஒரு வாரம் படம் போட்டுக் காட்டினேன். என் பாச்சா பலிக்கவில்லை. இவர் செத்துப்போய்விடுவார் என்று எனக்குப் பயம். அதைவிட எரிச்சல். கடைசியில் கறிக்கடைக்குப் போனேன்.

"ஸ்கூல் பந்த் ஹை நா, மேடம்?" என்றார் கடைக்காரர். விடுமுறைதான் என்று தலையாட்டினேன். பழகிய கடை, 'சீவாமல்' என்று சொல்லத் தோன்றவில்லை.

சமையலறை மேடையில் தட்டை வைத்துப் பையைப் பிரித்தால் வழுவழுவென்று ஓர் இதயம். கொழுப்பும் இல்லை, குழாயும் இல்லை. பள்ளி இல்லாத நாளில் வாங்குகிறேனே, சமைக்கத்தான் என்று நினைத்து அக்கறையாகச் சுத்தம் செய்திருக்கிறார். அடப்பாவி என்று கத்தியே விட்டேன்.

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு? நீ சொன்ன குழாய் எங்க?"

"சீவி எறிஞ்சுட்டாருங்க. இனி இது ஒண்ணுக்கும் ஆகாது."

"குழாய் இல்லேன்னா?"

"வெறும் கறி."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டு மூக்கிலிருந்து இறங்கிவிட்டிருந்தது. பிறகு உள்ளே போய் மருத்துவமனை ஃபைலை எடுத்துவந்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எப்ப வரணும்னு கேளு."

கை கழுவக்கூட எனக்குத் தோன்றவில்லை. அப்படியே போனை எடுத்தேன்.