தீபாவளி எண்ணெயும் குளத்து ஃபில்டரும்

எனக்கு எழுபத்தோரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். ஸ்ரீரங்கத்து லாட்ஜ் ஒன்றில் நீச்சல் குளத்து ஃபில்டரைக் கழுவுவது பல வருடமாக என் வேலை. மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி சுற்றிய உருளை அது. பிரஷ் போட்டால் துணி பிய்ந்துவிடும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு மடிப்பாக மேலிருந்து கீழே அலச வேண்டும்.

போன தீபாவளிக்கு மறுநாள் குளம் கலங்கிக் கிடந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்னம்மா, பண்டிகைன்னு கழுவாமலே மாட்டிட்டீங்களா? வயசாயிடுச்சுன்னா வீட்ல இருக்கலாமே."

எனக்குச் சுருக்கென்றது. அன்று காலையில்தான் அலசி மாட்டியிருந்தேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, உருளையை எடுத்து வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் அவரைக் கூப்பிட்டு, ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினேன்.

"ஊத்திப் பாருங்க சார்."

சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவதுபோலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு போயிற்று. துணிக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"நேத்து இங்க தங்கினவங்க எல்லாரும் தலைக்கு எண்ணெ வெச்சுக்கிட்டு, கங்கா ஸ்நானத்துக்கு இங்கதானே குதிச்சாங்க? வெறும் தண்ணிக்கு எண்ணெ போகுமா? எண்ணெ எடுக்குற மருந்துல ஊறப் போடணும். இது அதுக்கும் தாங்காது, மடிப்பெல்லாம் ஒட்டிப்போச்சு. புதுசு வாங்குங்க."

அவர் விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

"நல்லெண்ணெதாம்மா. தப்பா சொல்லிட்டேன்."

மறுநாள் புது உருளை வந்தது. பிரிக்காமல் என் கையில் கொடுத்து, மாட்டச் சொன்னார்.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருதரம் வாசிச்சுக் காட்டு. நான் கழுவாம விட்டேன்னு எங்கயும் தப்பா எழுதிடலையே?