'புது' ஹார்ட் டிஸ்க்கின் பழைய எண்

பிள்ளைகளே, உங்கள் ஞானஸ்நானத்தைப் படம்பிடித்த வீடியோக்கார அண்ணன் இப்போது ஏன் கேமராவையே தொடுவதில்லை என்று கேட்டீர்கள். புக்கிட் பெருவாங்கில் அவர் வீட்டு மேசையில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வந்து நின்ற ஒரு எண்தான் காரணம். நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

செர்காம் ஊரில் அவர் ஒரு கல்யாணத்தைப் படம் எடுத்தார். பெண்ணின் அப்பா லாரி ஓட்டுபவர், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர். அன்று மைக்கைப் பிடித்து மகளிடம் ஏதோ பேசினார். நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. படம் தயாராவதற்குள் அந்த மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். "அப்ப அழுதுகிட்டே இருந்தேண்ணே, ஒண்ணும் காதுல ஏறல. அப்பா பேசினத மட்டுமாவது குடுங்க" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் கணினி படுத்தது. அந்தக் கல்யாணம் முழுக்க அதில்தான் இருந்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். "ஹார்ட் டிஸ்க் ரோசாக் அண்ணே, கெட்டுப்போச்சி, தூக்கிப் போட்டாச்சி. இது புதுசு" என்றான் கடைக்காரன். அண்ணன் அதை நம்பி, அடுத்தடுத்த கல்யாணங்களை அதில் ஏற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்: "தம்பி, புதுசுன்னான், மாட்டு வண்டி மாதிரி மெதுவா இழுக்குதுலா."

நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவன்தான். ஆனால் தொழிற்சாலை ஸ்டோரில் கணினிகளைப் பதிவதும் என் வேலை. கட்டளைத் திரையைத் திறந்து wmic diskdrive get model,serialnumber என்று அடித்தேன். டிஸ்க்கே தன் மாடலையும் தொடர் எண்ணையும் சொல்லிவிடும். உள்ளே இருப்பதை அழித்தாலும் அந்த எண் மாறாது. பழைய டிஸ்க்கை வாங்கிய அன்று, உத்தரவாதத்துக்காக இதே திரையைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். ஃபோனைத் திறந்து பார்த்தோம். அதே எண். எதையும் மாற்றவில்லை, அழித்துவிட்டுப் புதுசு என்று கொடுத்திருக்கிறான்! அதன்மேல் இனி எதுவும் பதியக்கூடாது என்று உடனே கணினியை அணைத்தேன்.

கடையில் போய்க் கேட்டால், "நம்பர்லாம் சில நேரம் ஒரே மாதிரி வரும்லா அங்கிள்" என்று சிரிக்கிறான்.

"அப்ப உன் அடையாளக் கார்டு ஐ.சி. நம்பரும் என் ஐ.சி. நம்பரும் ஒண்ணா வருமாடா?" என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு தம்பி. கத்துனா திரும்பி வருமா?"

எப்படி விடுவது? தெரியாமல் அழித்துவிட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், அதன்மேல் ஒன்றையும் ஏற்றாமல் மீட்டுக் கொடுப்பவர்களிடம் போயிருப்போம். தவறு எல்லோருக்கும் வரும், பிள்ளைகளே. ஆனால் அவன் பொய்யை நம்பி, அந்த மனிதரின் பேச்சின்மேல் அண்ணனே தன் கையால் வேறு கல்யாணங்களை ஏற்றிவிட்டார். அண்ணனுக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

கோலாலம்பூரில் டிஸ்க்கை மீட்கக் கொடுத்ததில் அந்தக் கல்யாணப் படம் மட்டும் வந்தது. ஒலியைக் கேமராவில் பதியாமல் தனியாகப் பதிவது அண்ணனின் வழக்கம். அந்தக் கோப்பு வரவில்லை. "இத நான் எப்படி அந்தப் புள்ளைகிட்ட குடுப்பேன்?" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் மட்டும் திரை முன்னால் இருந்தேன். லாரிக்காரர் மைக்கைப் பிடித்து, மகளைப் பார்த்து வாயசைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வராது என்று தெரிந்தும், ஒலியைக் கடைசிவரை கூட்டி வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தேன்.